பேர்னஸ் மாற்ற முன்: ரொறன்ரோ வீட்டுக்குச் சிக்கனமான சூடாக்கியைத் தெரிவு செய்யும் ஒழுங்கு

ஜனவரி மாதம், இரவு பதினொரு மணி, வெளியே மைனஸ் 18. வீட்டைச் சூடாக்கும் பேர்னஸ் நின்றுவிட்டது. அந்த நேரத்தில் எந்தக் கொம்பனி போனை எடுக்கிறதோ, அது கொண்டுவரும் பெட்டிதான் அடுத்த 15, 20 வருடத்துக்கு உங்கள் வீட்டில் இருக்கப்போகிறது.

என் ஸ்காபரோ வீட்டில் இந்த வேலையை ஒருதரம் பிழையாகவும் ஒருதரம் சரியாகவும் செய்திருக்கிறேன். பிறகு அக்கா வீடு, மச்சான் வீடு, கூட வேலைசெய்யும் இரண்டு பேர் வீடு என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள். "எந்த பிராண்ட் நல்லது?" என்று தொடங்கினார்கள். அது கடைசியில் கேட்கவேண்டிய கேள்வி.

இது பெரும்பாலும் காஸ் பேர்னஸும் அதன் காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் டக்ற்றும் உள்ள தனிவீடு, செமி, ரவுன்ஹவுஸ்காரருக்கு. கொண்டோவில் இருப்பவர்கள் முதலில் நிர்வாகசபையிடம் கேட்கவேண்டும், அங்கே உங்கள் தெரிவுக்கு இடம் குறைவு.

தொடங்க முன் எடுத்து வைக்கவேண்டியவை: கடந்த பன்னிரண்டு மாதக் காஸ் பில், கறண்ட் பில், பேர்னஸ் கதவுக்குள் ஒட்டியிருக்கும் தகட்டின் படம், ஏசியின் வெளிப்பெட்டித் தகட்டின் படம், மின் பனலைத் திறந்து எடுத்த படம். அப்புறம் ஒரு ஊதுபத்தி. சாமிக்கு இல்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

1. பேர்னஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே தொடங்குங்கள்

தகட்டில் உள்ள தொடரிலக்கத்தில் பெரும்பாலும் செய்த வருடம் ஒளிந்திருக்கும். 15 வயதைத் தாண்டியிருந்தால் இந்த வருடமே கணக்கைத் தொடங்குங்கள். வாங்கவேண்டும் என்று இல்லை, தெரிந்து வைத்திருக்கவேண்டும். மே மாதத்திலோ செப்டெம்பரிலோ வரும் கொன்றாக்டருக்கு உட்கார்ந்து கணக்குப் போட நேரம் இருக்கும். ஜனவரியில் அவருக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

நடுக்குளிரில் நின்றே விட்டால்? 1500 வாற் மின் ஹீற்றர் இரண்டு வாங்கி வெவ்வேறு பிரேக்கரில் உள்ள சொக்கெற்றுகளில் போடுங்கள். ஒரே பிரேக்கரில் இரண்டையும் போட்டால் அது விழுந்துவிடும். நீட்டிப்பு வயரில் போடவே வேண்டாம், வயர் சூடாகித் தீப்பிடிக்கும். தண்ணீர்க் குழாய் ஓடும் பக்கத்துக் கபேட் கதவுகளைத் திறந்து வைத்து, குழாயை மெல்லிய தாரையாக ஓடவிடுங்கள். ஒரு நாள் சமாளித்தால் மூன்று கொட்டேசன் எடுக்கலாம்.

2. வீட்டுக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று பில்லிலிருந்து கண்டுபிடியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நானும் முதல்தரம் தாண்டினேன். வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பழையது 80,000 பீரீயூ, குளிர் தெரியாமல் இருக்க 100,000 போடுவம் அண்ணை" என்றார். (பீரீயூ, ஒரு மணித்தியாலத்துக்கான சூட்டின் அளவு.) பெரிசென்றால் நல்லது என்று நானும் தலையாட்டினேன். அது ஆறு நிமிடம் எரியும், நிற்கும், திரும்ப எரியும். மேல்மாடி வேர்க்கும், பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்த பிள்ளை ஜக்கற்றோடு படிக்கும். தெர்மோஸ்ராற் இருக்கும் இடம் சூடானவுடன் பேர்னஸ் நின்றுவிடும், தூரத்து அறைகளுக்குக் காற்றுப் போய்ச்சேர நேரமே கிடைக்காது. அடிக்கடி பற்றி அணைவதால் தேய்மானமும் கூட.

கணக்கு கஷ்டமில்லை. ஒரு ஜனவரி பில்லில் 400 கன மீற்றர் காஸ் என்று வைப்போம். ஜூலை பில்லில் 50 இருந்தால், அது சுடுதண்ணி ராங்கிக்கும் அடுப்புக்கும் போனது. மிச்சம் 350 வீட்டைச் சூடாக்க. ஒரு கன மீற்றர் காஸில் சுமார் 10.5 யூனிற், அதாவது கிலோவாற் மணி, சக்தி இருக்கிறது. 350ஐ 10.5ஆல் பெருக்கினால் 3,675. உங்கள் பேர்னஸின் செயற்திறன் 92 வீதம் என்றால் வீட்டுக்குள் வந்தது 3,381 யூனிற். 31 நாளில் 744 மணித்தியாலம், ஆகவே சராசரியாக மணிக்கு 4.54 யூனிற், அதாவது 4.54 கிலோவாற்.

அடுத்தது வெப்பநிலை. அந்த மாதச் சராசரி மைனஸ் 4 என்று வைப்போம். உங்கள் பில் காலத்துக்கான உண்மையான எண்ணைக் கனடிய சுற்றுச்சூழல் அமைச்சின் காலநிலைப் பதிவுகளில் எடுக்கலாம். உள்ளே 21 வைத்திருந்தாலும் 18 இலிருந்து கணக்குப் பாருங்கள். மனிதர், அடுப்பு, வெயில் எல்லாம் சேர்ந்து மிச்சத்தைக் கொடுக்கும். 18க்கும் மைனஸ் 4க்கும் இடையே 22 பாகை. 4.54ஐ 22ஆல் வகுத்தால் 0.207. வெளியே ஒரு பாகை இறங்க இறங்க உங்கள் வீடு இழப்பது இவ்வளவு.

ஒன்ராறியோ கட்டட விதிகளில் ஸ்காபரோவுக்கான குளிர்கால வடிவமைப்பு வெப்பநிலை மைனஸ் 20. 18 இலிருந்து அது 38 பாகை. 0.207ஐ 38ஆல் பெருக்கினால் 7.9 கிலோவாற், பீரீயூவில் சுமார் 27,000. பேஸ்மென்ற்றில் நிற்பது 80,000இன் பெட்டி என்று வைப்போம். தேவைக்கு இரண்டரை மடங்குக்கு மேல்.

நம்பிக்கை வராவிட்டால் இன்னொரு வழி உண்டு. மைனஸ் 18 அடிக்கும் இரவில், பன்னிரண்டு மணிக்குப் பிறகு, ஒரு மணித்தியாலத்தில் பேர்னஸ் எத்தனை நிமிடம் எரிகிறது என்று எழுதுங்கள். பொருத்தமான அளவுள்ளது கிட்டத்தட்ட விடாமல் எரியவேண்டும். 20 நிமிடம்தான் எரிந்தால் உங்களிடம் மூன்று மடங்கு பெரியது இருக்கிறது. இரவில் தெர்மோஸ்ராற்றை இறக்கி வைக்கிற வீடென்றால் அன்று மட்டும் இறக்காதீர்கள், கணக்குப் பிழைக்கும்.

இது உத்தியோகபூர்வக் கணக்குக்குப் பதிலாகாது. ஆனால் வருபவர் சொல்லும் எண் பொருந்துகிறதா என்று பார்க்க இது போதும்.

3. பெட்டி வாங்க முன் ஓட்டையை அடையுங்கள்

ஒழுங்கு இங்கே முக்கியம். பேர்னஸை முதலில் மாற்றிவிட்டு அடுத்த வருடம் அற்றிக்குக்கு (கூரைக்குக் கீழே உள்ள பரண்) இன்சுலேசன், அதாவது சூடு வெளியேறாமல் தடுக்கும் படை, போட்டால், வாங்கிய பெட்டி அன்றே அளவுக்கு மீறியதாகிவிடும். மச்சான் வீட்டில் அதுதான் நடந்தது.

இப்போது ஊதுபத்தி. காற்றடிக்கும் குளிர் நாளில் சமையலறை, குளியலறை விசிறிகளைப் போட்டுவிட்டு, பற்றவைத்த ஊதுபத்தியை யன்னல் ஓரம், வெளிச்சுவர் சொக்கெற், அற்றிக் மூடி, பேஸ்மென்ற்றில் அத்திவாரச் சுவரின் மேல் மரச்சட்டம் உட்காரும் இடம் என்று கொண்டுபோங்கள். காஸில் எரியும் சுடுதண்ணி ராங்கி இருக்கும் அறையில் மட்டும் இதை நீண்டநேரம் செய்யாதீர்கள், விசிறிகள் ராங்கியின் புகையை உள்ளே இழுக்கலாம். ஊதுபத்திப் புகை சாயும் இடத்தால் உங்கள் காசு வெளியே போகிறது. பலர் யன்னலையே குறைசொல்வார்கள். நான் பார்த்த வீடுகளில் மோசமாக இருந்தது அற்றிக் மூடியும் அந்த மரச்சட்ட ஓரமும்தான்.

அற்றிக்கில் முதலில் இடைவெளிகளை அடைத்து, அதன் பிறகே இன்சுலேசன். மாறிச் செய்தால் உள்ளே இருந்து போகும் ஈரக்காற்று மேலே குளிர்ந்து தண்ணீராகிப் பலகையை உக்கவைக்கும். புது வீடுகளுக்கு இங்கே அற்றிக்கில் ஆர்-60 அளவு (ஆர் என்பது சூட்டைத் தடுக்கும் திறன்) எதிர்பார்க்கப்படுகிறது. ஊதிப் போடும் செலுலோஸ் என்றால் அது ஒன்றேகால் அடிக்கு மேல் உயரம். எழுபதுகளில் கட்டிய வீடென்றால் ஒரு அளவுகோலைக் குத்திப் பாருங்கள், சிரிப்பு வரும்.

ஒரு எச்சரிக்கை. 1990க்கு முன் கட்டிய வீட்டின் அற்றிக்கில் சின்னச் சின்னக் கூழாங்கல் மாதிரி, மினுங்கும் சாம்பல்-பழுப்புத் துண்டுகள் கிடந்தால் அது வேர்மிக்குலைற்றாக இருக்கலாம். அதில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு. கிளறாதீர்கள், உடனே இறங்கி மூடிவிட்டு, பரிசோதனைக்கு ஆள் பிடியுங்கள்.

பதிவுபெற்ற எரிசக்தி ஆலோசகர் ஒருவரை எடுத்து எனர்கைட் மதிப்பீடு செய்வது நல்ல செலவு. வாசலில் பெரிய விசிறி பூட்டி, வீட்டின் காற்றை உறிஞ்சி, கசிவை எண்ணாகவே சொல்வார். சில றிபேற் திட்டங்களில், வேலை தொடங்க முன் இந்த மதிப்பீடு செய்திருக்கவேண்டும் என்று விதி இருக்கும். பிறகு செய்தால் காசு இல்லை.

வீட்டை இறுக்கினால் ஈரம் கூடும். புட்டும் இடியப்பமும் அவிக்கிற வீடுகளில் இது விளையாட்டு இல்லை. சமைக்கும்போது விசிறி வெளியே தள்ளவேண்டும், வடிகட்டி வழியாக முகத்திலேயே திருப்பி ஊதும் வகை உதவாது. காலையில் யன்னல் அடியில் தண்ணீர் தேங்கினால், வெளிக்காற்றைச் சூடாக்கி உள்ளெடுக்கும் காற்றுப் பரிமாற்றப் பெட்டி ஒன்றைப் பற்றியும் கேளுங்கள்.

4. டக்ற்றும் பனலும் என்ன தாங்கும் என்று பாருங்கள்

காஸ் பேர்னஸ் நல்ல சூடான காற்றைக் கொஞ்சமாக ஊதும். வெளிக்காற்றில் உள்ள சூட்டைக் கறண்டால் உள்ளே இறைக்கும் ஹீற் பம்ப், மிதமான சூட்டுக் காற்றை நிறைய ஊதும். ஒரு தொன் (12,000 பீரீயூ) கொள்ளளவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி காற்று வேண்டும். மூன்று தொன் என்றால் 1,200. டக்ற் ஒடுக்கமாக இருந்தால் சத்தம் வரும், கறண்ட் வீணாகும், மேல்மாடி அறைக்குச் சூடு வராது. ஏற்கெனவே மூன்று தொன் ஏசி நன்றாக ஓடிய வீடென்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை.

டக்ற்றைக் குறைசொல்ல முன் வீட்டைச் சுற்றி வாருங்கள். கட்டிலுக்குக் கீழே மூடுண்ட வென்ற், அலுமாரி மறைத்த காற்று திரும்பும் துவாரம், பேஸ்மென்ற்றை வாடகைக்கு அறைபிரித்தபோது சுவருக்குள் போன வென்ற். அக்கா வீட்டில் சாமியறை ஆகிவிட்ட குட்டி அறைக்குள்தான் மேல்மாடியின் ஒரே திரும்புதுவாரம் இருந்தது, கதவும் எப்போதும் சாத்தியிருக்கும். கதவின் அடியை ஒரு அங்குலம் சீவியதோடு இரண்டு படுக்கையறைகள் சரியாகின.

பனலுக்கு வருவோம். பழைய வீடுகளில் 100 அம்பியர் இருக்கும். ஹீற் பம்ப் தனியாக அதில் அடங்கலாம். ஆனால் முழு மின்சார முறைக்குத் துணையாக ஒரு 10 கிலோவாற் சூடாக்கி வைத்தால் அது மட்டும் 240 வோல்ற்றில் 42 அம்பியர் இழுக்கும். மின் அடுப்பு, உடுப்புக் காயவைக்கும் மெசின், மின்கார் சார்ஜர் எல்லாம் ஏற்கெனவே இருந்தால் சுமைக்கணக்குப் போட்டே தீரவேண்டும். கையெழுத்து வைத்த பிறகு "பனலும் மாத்தவேணும்" என்று கேட்டால் சில ஆயிரம் டொலர் கூடும்.

5. காஸா கறண்டா என்பதை உங்கள் பில்லைக் கொண்டு தீர்மானியுங்கள்

"ஹீற் பம்ப் ஒரு யூனிற் கறண்டுக்கு மூன்று யூனிற் சூடு தரும்" என்பது உண்மை, பாதி உண்மை. வெளியே 8 பாகை இருக்கும்போது மூன்றரை மடங்கு தரலாம். மைனஸ் 15இல் அது இரண்டு மடங்கு அளவுக்கு இறங்கும். மற்றப் பாதி விலை. ஒன்ராறியோவில் ஒரு யூனிற் கறண்ட், அதே அளவு காஸைவிட நல்ல விலை கூட.

காஸ் பில்லின் மொத்தத்தில் மாத நிலையான கட்டணத்தைக் கழித்துவிட்டு, மிச்சத்தைக் கன மீற்றரால் வகுங்கள். 95 வீதப் பேர்னஸில் ஒரு கன மீற்றர் ஏறக்குறைய 10 யூனிற் சூடு. ஆகவே கன மீற்றர் 30 சதம் என்றால் ஒரு யூனிற் சூடு 3 சதம். கறண்டுக்கும் அதேபோல, விநியோகக் கட்டணமும் வரியும் சேர்த்து, பில்லில் தரும் விலைக்கழிவைக் குறைத்து, ஒரு யூனிற் என்ன விலை என்று பாருங்கள். 12 சதம் என்று வந்தால், 12ஐ 3ஆல் வகுக்க 4. ஹீற் பம்ப் நான்கு மடங்கு தந்தால்தான் காஸுக்குச் சமம். குளிர்காலத்தில் அது நடக்காது.

இங்கேதான் பழைய வீடியோக்களைப் பார்த்து வருபவர்கள் தவறுகிறார்கள். 2025 மார்ச் வரை கன மீற்றருக்கு 15.25 சதம் கார்பன் கட்டணம் காஸில் இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அது இல்லை. அதற்கு முன் போட்ட கணக்கெல்லாம் ஹீற் பம்ப்புக்குச் சாதகமாகச் சாயும். இன்றைய பில்லைத் தவிர வேறெதையும் நம்பவேண்டாம்.

அதற்காக விட்டுவிடவும் வேண்டாம். 2023 முதல் கறண்டில் நள்ளிரவு மலிவு விலைத் திட்டம் ஒன்று உண்டு. இரவு 11 முதல் காலை 7 வரை மிக மலிவு, வேலைநாட்களில் மாலை 4 முதல் 9 வரை மிக விலை. அந்த இரவு நேரத்தில் எல்லாம் சேர்த்து 5 சதம் என்று வந்தால், 5ஐ 3ஆல் வகுக்க 1.7. மைனஸ் 15இலும் ஹீற் பம்ப் வெல்லும். மாலையில் அதே பெட்டி உங்களை விழுங்கும். காஸும் கறண்டும் இரண்டும் உள்ள கலப்பு முறையில், நேரம் பார்த்து மாறும் தெர்மோஸ்ராற் இருந்தால்தான் இந்த விளையாட்டு சரிவரும்.

இன்னொன்று: காஸின் மாத நிலையான கட்டணம். ராங்கி, அடுப்பு, உடுப்புக் காயவைக்கும் மெசின் எல்லாவற்றையும் மின்சாரத்துக்கு மாற்றி, கணக்கையே மூடினால்தான் அது மிச்சம். ஒரு அடுப்புக்காகக் கணக்கை வைத்திருந்தால் வருடம் முழுக்கக் கட்டுவீர்கள்.

6. உங்கள் வீடு எந்த வகை?

மின் பேஸ்போட் (சுவரின் அடியோரம் பூட்டும்) ஹீற்றரால் சூடாகும் வீடு: யோசிக்கவே வேண்டாம். டக்ற் தேவையில்லாத, சுவரில் பூட்டும் ஹீற் பம்ப். பேஸ்போட் ஒரு யூனிற்றுக்கு ஒரு யூனிற்தான் தரும், இது சராசரி இரண்டரை தந்தாலும் பில் பாதிக்குக் கீழே. பேஸ்போட்டைக் கழற்றாமல் கடுங்குளிருக்கு வைத்திருங்கள். எண்ணெய், புரொப்பேன் வீடுகளும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

காஸ் வீடு, ஏசி பழசு, பேர்னஸ் நல்லம்: ஏசி வாங்கும் காசோடு கொஞ்சம் சேர்த்து ஹீற் பம்ப் போடுங்கள். கோடையில் அதுவே ஏசி. இலையுதிர், வசந்தக் காலங்களில் அது சூடாக்கும், கடுங்குளிரில் காஸ். இங்கே பெரும்பாலான நம்மவர் வீடுகளுக்கு இதுதான் புத்தியான வழி என்பது என் எண்ணம். பேர்னஸின் விசிறி வேகம் மாறும் வகையா, புதுப்பெட்டியோடு பேசுமா என்று மட்டும் கேளுங்கள்.

காஸ் வீடு, பேர்னஸ் போய்விட்டது, ஏசிக்கு ஐந்து வயது: சின்ன, இரண்டு கட்ட (குறைவாகவும் முழுதாகவும் எரியக்கூடிய) காஸ் பேர்னஸ். மேலே பார்த்த 27,000 வீட்டுக்கு 40,000 பீரீயூ போதும், அதற்கும் மேல் தேவையில்லை. 2019 முதல் கனடாவில் புதுக் காஸ் பேர்னஸ் குறைந்தது 95 வீதம் இருக்கவேண்டும் என்பது சட்டம். ஆகவே "96, 97" என்று கூடக் காசு கேட்டால் அந்த ஒரு வீதத்துக்குப் பெரிதாகக் கொடுக்காதீர்கள். அந்தக் காசை அற்றிக்கில் போடுங்கள்.

இரண்டும் ஒன்றாகப் போய்விட்டது என்றால் 5ஆம் படிக்குத் திரும்புங்கள். ரேடியேற்றர் உள்ள பழைய நகர்ப்புற வீடுகளுக்குச் சுவர்ப் பெட்டிகள் பொருந்தும். நிலத்தைத் துளைத்து அடியிலிருந்து சூடு எடுக்கும் முறை திறமானதுதான். ஆனால் நம் முப்பதடிக் காணிக்கும் அதன் செலவுக்கும் நான் யாருக்கும் சொல்வதில்லை.

7. எண்களைப் படித்து அளவை முடிவுசெய்யுங்கள்

ஹீற் பம்ப்பின் "மூன்று தொன்" என்பது பெரும்பாலும் கோடைக் குளிரூட்டலுக்கான அளவு, தாளில் பெரிதாகப் போடும் சூடாக்கும் எண்ணும் வெளியே 8 பாகை இருக்கும்போது தருவது. உங்களுக்கு வேண்டியது மைனஸ் 15இல் எவ்வளவு என்பது. சாதாரண வகை அதில் பாதிக்கு இறங்கலாம், குளிர்நாட்டு வகை பெரும்பகுதியைத் தக்கவைக்கும். அமெரிக்க வடகிழக்கு அமைப்பான நீப் வைத்திருக்கும் பட்டியலில் ஒவ்வொரு மொடலுக்கும் மைனஸ் 15க்கான எண் தனியாக இருக்கும். விளம்பரத் தாளை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

எச்எஸ்பிஎஃப்2 என்ற எண்ணை 3.4ஆல் வகுத்தால், ஒரு பருவம் முழுக்கச் சராசரியாக எத்தனை மடங்கு சூடு என்று வரும். 8.5 என்றால் இரண்டரை. ஆனால் அமெரிக்கத் தாள்களில் இருப்பது நாலாம் காலநிலை வலயத்துக்கான எண், நமக்குப் பொருந்துவது ஐந்தாம் வலயம், அது குறைவாகவே இருக்கும். இரண்டு கொட்டேசனை ஒப்பிடும்போது ஒரே வலயமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கலப்பு முறையில் முழுக் குளிரையும் ஹீற் பம்ப் தாங்கவேண்டியதில்லை, ஆகவே கோடைக் குளிரூட்டலுக்கு ஏற்ற அளவு போதும். முழு மின்சாரம் என்றால் 2ஆம் படியில் வந்த எண்ணை மைனஸ் 15இல் தரவேண்டும், மிச்சத்தைத் துணைச் சூடாக்கி பார்க்கும். "பாதுகாப்புக்கு ஒரு தொன் கூட்டுவம்" என்பதற்கு இரண்டிலும் இடமில்லை. கோடையில் பெரிய பெட்டி வீட்டைக் குளிரவைத்துவிட்டுச் சட்டென்று நின்றுவிடும், ஈரத்தை எடுக்க நேரமிராது.

8. கொட்டேசன் எடுங்கள், கையெழுத்தை ஆறவிடுங்கள்

மூன்று பேரிடம் எடுங்கள். மூன்று பேருக்கும் முதல் கேள்வி ஒன்றே: "எஃப்280 வெப்ப இழப்புக் கணக்குச் செய்து தருவீங்களா?" அது கனடியத் தரம். சிரித்து மழுப்புபவரை விட்டுவிடுங்கள். செய்பவர் யன்னல் அளப்பார், அற்றிக் பார்ப்பார், ஒரு மணித்தியாலமாவது நிற்பார். அவர் எண்ணும் உங்கள் பில் கணக்கும் கிட்ட வரவேண்டும்.

காஸ் வேலைக்கு ரீஎஸ்எஸ்ஏ (மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) பதிவு, மின் வேலைக்கு உரிமம் பெற்ற மின் கொன்றாக்டர், அவர் மின் பாதுகாப்பு அமைப்பான ஈஎஸ்ஏக்குக் கொடுக்கும் அறிவித்தல், ஹீற் பம்ப்புக்குள் ஓடும் குளிர்வாயு வேலைக்கு அதற்கான தகைமைச் சான்று. எங்கட ஆள், தெரிந்த பெடியன் என்றாலும் இவற்றைக் கேளுங்கள். பிறகு தீப்பிடித்தால் காப்புறுதிக்காரர் கேட்பார்.

எழுத்தில் இருக்கவேண்டியவை: வெளிப்பெட்டி, உட்சுருள் இரண்டினதும் முழு மொடல் இலக்கம், அவை ஒன்றாகச் சான்றுபெற்ற சோடி என்பதற்கான ஏஎச்ஆர்ஐ இலக்கம், பனல் வேலை உள்ளேயா வெளியேயா, டக்ற் திருத்தம், பழையதைக் கொண்டுபோவது, உதிரிப்பாகத்துக்கும் வேலைக்கும் தனித்தனி உத்தரவாதம், 13 வீத வரியோடு மொத்தம். "றிபேற் கழித்த விலை" என்று ஒரு எண்ணை மட்டும் காட்டினால் வாங்காதீர்கள். றிபேற் வராவிட்டால் அந்த வித்தியாசம் உங்கள் தலையில்.

ஒன்ராறியோவில் 2025 ஜனவரியில் தொடங்கிய ஹோம் ரினோவேசன் சேவிங்ஸ் திட்டத்தில் ஹீற் பம்ப்புக்கான றிபேற் மின்சாரத்தால் சூடாகும் வீட்டுக்கு அதிகம், காஸ் வீட்டுக்குக் குறைவு. தொகையும் விதியும் மாறும், கையெழுத்து வைக்கும் வாரத்தில் திட்டத்தின் தளத்திலேயே வாசியுங்கள். மத்திய அரசின் கிரீனர் ஹோம்ஸ் மானியம் 2024இலேயே புது விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டுவிட்டது. "அதை எடுத்துத் தாறம்" என்று யாரும் சொன்னால் கதவைக் காட்டுங்கள்.

கதவு என்றதும் நினைவு வருகிறது. 2018 மார்ச் 1 முதல் ஒன்ராறியோவில் அழைக்காமல் வீடு வீடாக வந்து பேர்னஸ், ஏசி, சுடுதண்ணி ராங்கி ஒப்பந்தம் எழுதுவது தடை. "அரசாங்கத்திலிருந்து வாறம், பில்லைக் காட்டுங்கோ" என்று வருபவரிடம் பில்லைக் காட்டாதீர்கள். தனியாக இருக்கும் அம்மா, அப்பாவுக்கு இதை இரண்டு தரம் சொல்லிவையுங்கள். நீங்களே கூப்பிட்டு வீட்டில் வைத்துக் கையெழுத்திட்டாலும், ஒப்பந்தப் பிரதி கிடைத்த நாளிலிருந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமல் முறிக்கலாம்.

வாடகை ஒப்பந்தத்தை நான் வெறுக்கிறேன், மறைக்கவில்லை. மாதம் 150 டொலர் சின்னதாகத் தெரியும். பத்து வருடத்தில் 18,000. முன்பு இப்படிப்பட்ட ஒப்பந்தங்களை வீட்டு உறுதியின் மேல் பதிந்துவிடுவார்கள், விற்கப் போகும்போதுதான் தெரியவரும். 2024 ஜூனில் அந்தப் பதிவை மாகாணம் தடைசெய்தது. ஆனாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், கட்டவேண்டும்.

9. பூட்டும் நாளில் வீட்டில் நில்லுங்கள்

வெளிப்பெட்டி நிலத்தில் இருக்கக்கூடாது. பனிக்கு மேலே ஒன்று, ஒன்றரை அடி உயரத்தில் தாங்கி வேண்டும். கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்துக்குக் கீழே வேண்டாம், அது உறைந்து விசிறியைப் பிடித்துவிடும். நடைபாதையோரமும் வேண்டாம். பனி உருக்கும்போது வடியும் தண்ணீர் அங்கே கண்ணாடியாகும், தபால்காரர் விழுவார்.

குளிர்வாயுக் குழாயைப் பொருத்திய பின் நைதரசன் அழுத்தச் சோதனை, பிறகு வெற்றிடம் இழுத்தல். இதற்கு நேரம் பிடிக்கும். "பரவாயில்லை, திறந்துவிடுவம்" என்று அவசரப்பட்டால் இரண்டு வருடத்தில் கொம்பிறஸர் போகும். மானியில் வந்த எண்ணைப் படமெடுத்துத் தரச்சொல்லுங்கள், நல்ல ஆள் கோபப்படமாட்டார்.

ஒரு ஆபத்தை யாரும் சொல்வதில்லை. பழைய பேர்னஸும் காஸ் ராங்கியும் ஒரே புகைபோக்கியைப் பாவித்திருந்தால், புதுப் பேர்னஸின் புகை பிளாஸ்ரிக் குழாயால் பக்கச்சுவருக்குப் போய்விடும், ராங்கி தனியாக அந்தப் பெரிய புகைபோக்கியில் மிஞ்சும். அதன் சிறிய சூடு புகையை மேலே தள்ளப் போதாமல், மணமில்லாத நச்சுவாயுவான காபன் மொனொக்சைட் வீட்டுக்குள் திரும்பலாம். புகைபோக்கிக்கு உள்ளுறை போடுவதா, ராங்கியை மாற்றுவதா என்று கொட்டேசன் எடுக்கும்போதே கேளுங்கள். காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி படுக்கையறைகளுக்கு அருகில் இருக்கவேண்டும் என்பது இங்கே சட்டம்.

10. முதல் குளிர்காலத்தில் செய்யவேண்டிய திருத்தங்கள்

கலப்பு முறையில் ஹீற் பம்ப் எந்த வெப்பநிலையில் காஸுக்கு மாறவேண்டும் என்று தெர்மோஸ்ராற்றில் ஒரு எண் இருக்கும். பூட்டியவர் சிலவேளை அதைப் பாதுகாப்பாக 5 பாகையில் வைத்துவிட்டுப் போவார். வாங்கிய பெட்டி குளிர்காலம் முழுக்கச் சும்மா நிற்கும். 5ஆம் படியில் வந்த விகிதத்தை உங்கள் மொடலின் எண்களோடு ஒப்பிட்டு நீங்களே வையுங்கள், விலை மாறும்போது திரும்பப் பாருங்கள்.

இரவில் 16க்கு இறக்கி விடியற்காலை 21க்கு ஏற்றும் பழக்கத்தை ஹீற் பம்ப்போடு விடுங்கள். ஒரேயடியாக ஏற்றும்போது துணைச் சூடாக்கி ஓடி, இரவில் மிச்சம்பிடித்ததை விழுங்கும். ஒன்று, இரண்டு பாகை போதும். "எமர்ஜென்சி ஹீற்" என்று ஒரு தெரிவு இருக்கும், அது கடுங்குளிருக்கானதல்ல, ஹீற் பம்ப் பழுதானால் மட்டும். அக்கா அதை டிசம்பர் முழுக்கப் போட்டு வைத்திருந்தார். பில்லைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம்.

வென்ற்றில் கை வைத்தால் முன்புபோல் சுடாது. 35 பாகைக் காற்று கைக்குக் குளிர்வதுபோல இருக்கும், அறை சரியான சூட்டில்தான் இருக்கும். சுவரில் உள்ள வெப்பமானியைப் பாருங்கள், கையை நம்பாதீர்கள். வெளிப்பெட்டியிலிருந்து திடீரென்று வெள்ளையாகப் புகை எழும்பினால் பயப்படவேண்டாம், தன்மேல் படிந்த உறைபனியை உருக்குகிறது, அது ஆவி. மச்சானின் பக்கத்துவீட்டுக்காரர் தீ என்று ஓடிவந்து கதவைத் தட்டினார்.

பில்ரரை மூன்று மாதத்துக்கு ஒருதரம் பாருங்கள், பொரியல் அதிகமுள்ள வீட்டில் மாதாமாதம். பெப்ரவரி முடிந்ததும், 2ஆம் படியில் போட்ட அதே கணக்கைப் புதுப் பில்லோடு, ஹீற் பம்ப் தந்த சூட்டையும் சேர்த்து, திரும்பப் போடுங்கள். பாகைக்கு 0.207 என்று இருந்த எண் எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். இறங்காவிட்டால் பிழை பெட்டியில் இல்லை, அற்றிக்குக்குத் திரும்ப ஏறுங்கள்.